ஈ எங்கே போனது?

தெர்மல் பேப்பரை லேமினேட் செய்யக் கூடாது. பஸ் டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு, கடை பில் எல்லாம் பெரும்பாலும் அந்தத் தாள்தான். அதில் மை கிடையாது. சூடு பட்ட இடம் கறுக்கும்படி ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். அந்தக் கறுப்பைத்தான் நாம் எழுத்தாகப் படிக்கிறோம். லேமினேஷன் மிஷினின் சூட்டு உருளைக்குள் கொடுத்தால் தாள் முழுக்க எழுத்தாகிவிடும். ஒரு போக்குவரத்துக் கழகத்தின் கிளை அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு லேமினேட் செய்துவிட்டார்கள். என் கட்சிக்காரரை வேலையைவிட்டு அனுப்பிய நான்கு டிக்கெட்டுகளும் கரிக்கட்டை நிறத்தில் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தன.

நீதிபதி அந்தப் பிளாஸ்டிக் அட்டையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "இதுல நான் என்னத்தைப் படிக்கணும்?" என்றார்.

கழகத்தின் வக்கீல் எனக்கு நெடுநாள் பழக்கம், கெட்டிக்காரர். கொஞ்சமும் அசரவில்லை. "டிக்கெட் தேவையில்லைங்க ஐயா. மிஷின் பேசும்" என்று சொல்லி ஒரு பிரிண்ட்-அவுட் கட்டை நீட்டினார். மிஷின் பேசத்தான் செய்தது. என்ன பேசியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கட்சிக்காரர் கண்டக்டர். பத்தொன்பது வருட சர்வீஸ், இந்த வழக்குக்கு முன் ஒரு மெமோ கூடக் கிடையாது. 2018 செப்டம்பரில், மலையடிவாரத்துக் கிராமங்களை டவுனோடு இணைக்கும் ஒரு வழித்தடத்தில், செக்கிங் இன்ஸ்பெக்டர்கள் இரண்டு பேர் அவர் வண்டியில் ஏறினார்கள். ஏறிய நேரம் 10.41 என்று வேபில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முந்தைய ஸ்டாப்பில் ஏறிய ஒரு குடும்பம், நான்கு பேர். அவர்களுடைய டிக்கெட்டில் அச்சாகியிருந்த நேரம் 10.46. ஆகவே, காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டிக்கெட் கொடுக்காமல் இருந்தவர், பரிசோதகர்களைப் பார்த்ததும் அவசரமாக அடித்துக் கொடுத்திருக்கிறார். இதுதான் குற்றச்சாட்டு. அறிக்கை, குற்றக் குறிப்பாணை, உள்விசாரணை, பணிநீக்கம். ஏழு மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

என்னிடம் வந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "சார், அவங்க ஏறும்போது டிக்கெட் அந்த ஆளு வாட்ச்சு பட்டைக்குள்ள சுருட்டிச் செருகியிருந்தது. செக்கிங் அண்ணன்தான் அதை உருவி எடுத்தாரு. சட்டுனு அடிச்சுக் குடுத்த டிக்கெட்டை யாராவது சுருட்டிச் செருகிட்டு இருப்பாங்களா சார்?"

கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் குடும்பம் எந்த ஊர், எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "அண்ணே, மிஷின்ல நேரம் தெளிவா இருக்கு. தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேப்போம். பதினோராவது ஏ பிரிவுல அதுக்கு வழி இருக்கு. வேலை கிடைச்சாப் போதும், சம்பளத்தை விட்டுருவோம்." அவர் எழுந்து நின்றுகொண்டார். "அப்ப நான் திருடுனதா ஆயிரும்ல சார்" என்றார். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போனார்.

இந்த வகை வழக்கில் கழகங்களுக்கு ஒரு பெரிய அரண் உண்டு. 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ரத்தன் சிங் தீர்ப்பு. ஹரியானா மாநிலத்தின் ஒரு கண்டக்டர்தான் அந்த ரத்தன் சிங். பதினோரு பயணிகளிடம் டிக்கெட் இல்லை. அந்தப் பயணிகளை ஏன் விசாரிக்கவில்லை என்ற கேள்விக்கு, உள்விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகள் பொருந்தாது, நம்பத் தகுந்த ஏதோ ஒரு சாட்சியம் இருந்தால் போதும் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். தொழிலாளர் பக்கம் மனம் சாய்ந்தவர் என்று பேர் வாங்கிய அதே கிருஷ்ணய்யர்தான். நாற்பது வருடத்துக்கும் மேலாக, கண்டக்டருக்காக ஆஜராகும் எந்த வக்கீலும் இந்தத் தீர்ப்பில் முட்டிக்கொள்ளாமல் வெளியே வந்ததில்லை.

நானும் முட்டிக்கொண்டேன். பிரிண்ட்-அவுட்டுக்குச் சாட்சியச் சட்டம் 65-பி பிரிவின்படி சான்றிதழ் இணைத்திருந்தார்கள். கையெழுத்து கிளை மேலாளருடையது. குறுக்கு விசாரணையில், சர்வர் எந்த ஊரில் இருக்கிறதென்றே தெரியாது என்று அவர் ஒப்புக்கொண்டார். 2014-ல் அன்வர் வழக்கிலும், பிறகு 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று சொல்லியிருக்கிறதே, சர்வரைப் பற்றித் தெரியாதவர் கையெழுத்துப் போட்டால் போதுமா என்று ஒரு அரை மணி நேரம் வாதாடினேன். எதிர்த்தரப்பு நண்பர் எழுந்து ரத்தன் சிங்கைக் காட்டினார். "நீங்க சொல்றது கிரிமினல் கோர்ட்டுல எடுபடும்" என்று நீதிபதி என்னைப் பார்த்துச் சொன்னார். உட்கார்ந்துவிட்டேன்.

அன்று ராத்திரி அந்தக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது என் சீனியரின் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அவருடைய மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு பாம் பைலட் வாங்கி வந்து கொடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் கம்ப்யூட்டர். குச்சியால் கண்ணாடியில் கிறுக்கினால் எழுத்தாகும். பார் ரூமில் அதைப் பார்க்கக் கூட்டமே கூடும். சீனியர் வாய்தா தேதிகளையெல்லாம் அதில் ஏற்றிவிட்டு, எங்கள் பரம்பரைச் சொத்தான சிவப்பு டைரியை ஓரம் கட்டினார். மே மாத விடுமுறையில் அதை மேஜை டிராயரில் போட்டுவிட்டுக் குற்றாலம் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு சின்ன பேட்டரியும் தீர்ந்திருந்தது. அந்தக் காலத்துப் பாம் கருவியில் நினைவகம் உயிரோடு இருந்ததே பேட்டரி தயவில்தான். தேதிகள் ஒன்று கூட மிஞ்சவில்லை. புது பேட்டரி போட்டால் கடிகாரம் ஏதோ ஒரு பழைய வருடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்த ஜூன் மாதம் ஜூனியர்கள் நாங்கள் கோர்ட் கோர்ட்டாக ஓடித் தேதி கேட்டு வந்ததை யாரும் மறக்கவில்லை.

டிக்கெட் மிஷினும் அந்தப் பாம் பைலட்டின் ஒன்றுவிட்ட தம்பிதான். ஒரு சின்னக் கம்ப்யூட்டர், ஒரு கீபேடு, ஒரு அச்சு உருளை, ஒரு சிம் கார்டு. அதன் கடிகாரத்தை யார் முடுக்கினார்கள்? இந்தக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. உள்விசாரணை அதிகாரிக்கும் தோன்றவில்லை.

இப்படி யோசித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அது எக்செல் தாள். வரிசைகளின் தலையில் போட்டிருக்கும் எழுத்துகளோடு சேர்த்தே அச்சடித்துவிட்டார்கள். ஏ: டிக்கெட் எண். பி: தேதி, நேரம். சி: ஸ்டேஜ். டி: கட்டணம். அதற்கு அடுத்து எஃப்: நடை எண். டி-க்கும் எஃப்-க்கும் நடுவே இருக்க வேண்டிய ஈ-யைக் காணவில்லை.

அடுத்த வாய்தாவில் கழகத்தின் கணினிப் பிரிவு ஊழியர் சாட்சிக் கூண்டில் ஏறினார். சின்னப் பையன், பொய் சொல்லத் தெரியாத முகம். தாளைக் கையில் கொடுத்து, "தம்பி, ஏ, பி, சி, டி இருக்கு, எஃப் இருக்கு. ஈ எங்கே போச்சு?" என்று கேட்டேன். கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதியே, "அடிச்சுட்டாங்களா?" என்றார். பையன் சிரிக்கவில்லை. "அது ரிசீவ்டு டைம் காலம் சார். பேஜ்ல இடம் பத்தலைன்னு ஹைடு பண்ணினோம்."

வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் அப்போதும் சொல்லவில்லை, இப்போதும் நம்பவில்லை. தாளில் இடம் போதாமல் ஒரு மனிதனுக்கு வேலை போயிருக்கிறது, அவ்வளவுதான்.

டிக்கெட் அடித்ததும் மிஷின் அந்த விவரத்தைத் தன் நேரத்தோடு நினைவில் எழுதிக்கொள்கிறது. பிறகு ஜி.பி.ஆர்.எஸ். வழியாக, அதாவது செல்போன் கோபுரத்தின் வழியாக, தலைமையகத்துச் சர்வருக்கு அனுப்புகிறது. சிக்னல் இருந்தால் சில விநாடிகளில் போய்விடும். மலை வளைவில் சிக்னல் இல்லையென்றால் சேர்த்து வைத்துக்கொண்டு, கோபுரம் கண்ணில் பட்டதும் மொத்தமாகத் தள்ளிவிடும். சர்வர் தன் பங்குக்கு, தனக்கு வந்து சேர்ந்த நேரத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளும். அதுதான் ஈ. எப்படிப் பார்த்தாலும், வந்து சேர்ந்த நேரம் அடித்த நேரத்துக்குப் பின்னால்தான் இருக்க முடியும்.

ஈ வரிசையோடு முழுப் பட்டியலையும் கேட்டு மனு போட்டேன். நண்பர் ஆட்சேபித்தார்: சர்வர் பட்டியலுக்கு முறையான சான்றிதழ் வாங்க மிஷின் கம்பெனிக்கு எழுத வேண்டும், நாளாகும். "சான்றிதழே வேண்டாங்க ஐயா. ரத்தன் சிங் எனக்கும் பொருந்துமில்ல?" என்றேன். என் தொழில் வாழ்க்கையில் நான் ரசித்துச் சொன்ன சில வாக்கியங்களில் அது ஒன்று. மனு அனுமதிக்கப்பட்டது.

பட்டியல் வந்தது. அந்த நான்கு டிக்கெட்டுகளில் முதலாவது மிஷின் நேரப்படி அடிக்கப்பட்டது 10.46.12. சர்வருக்கு வந்து சேர்ந்தது 10.39.31. பிள்ளை பிறப்பதற்கு ஆறரை நிமிடத்துக்கு முன்பே பேர் வைத்தாகிவிட்டது!

அந்த ஒரு டிக்கெட் மட்டுமல்ல. அன்று அந்த மிஷின் சிக்னல் உள்ள இடங்களில் அடித்த டிக்கெட்டெல்லாம் ஆறரை நிமிடம் முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்தது. சர்வரின் கடிகாரம்தான் தப்பு என்று சொல்லிவிடுவார்களே என்று, அதே கிளையின் இன்னொரு வண்டிக்கும் அதே நாள் பட்டியலைக் கேட்டு வாங்கியிருந்தேன். அதில் எல்லாம் ஒழுங்கு. அடித்த சில விநாடிகளில் வந்து சேர்ந்திருக்கிறது. ஆக, என் கட்சிக்காரர் கையிலிருந்த மிஷின் மட்டும் வேகமாக ஓடியிருக்கிறது. டிக்கெட் உண்மையில் அடிக்கப்பட்டது 10.39-ஐத் தாண்டியிருக்கவே முடியாது. பரிசோதகர்கள் ஏறியது 10.41. அந்த நேரம் அவர்களில் ஒருவரின் செல்போனைப் பார்த்து எழுதியது என்று அவரே முன்பு சாட்சியம் சொல்லியிருந்தார்.

ஏன் வேகமாக ஓடியது என்பதற்கு மிஷின் பழுது பார்க்கும் டெக்னீஷியனைச் சாட்சியாக அழைத்தேன். கடிகாரத்துக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம், விநாடிக்கு 32,768 முறை அதிர வேண்டியது. பத்து லட்சத்துக்கு இருபது பங்கு பிசகுவது சகஜம் என்றார். கணக்குப் போட்டால் நாளுக்கு ஒன்றே முக்கால் விநாடி. யாரும் கவலைப்பட மாட்டார்கள். "கடைசியா எப்ப நேரம் செட் பண்ணீங்க?" பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்: ஜனவரி கடைசியில். 2018 ஜனவரி 20 முதல் பஸ் கட்டணத்தை உயர்த்தி, எதிர்ப்பு கிளம்பி, 29-ஆம் தேதி கொஞ்சம் குறைத்தார்களே, அந்தப் புதுக் கட்டணத்தை ஏற்றியபோது. அதற்குப் பிறகு யாரும் நேரத்தைத் தொடவில்லை. தொட வேண்டியது யாருடைய வேலை என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. எட்டு மாதம், நாளுக்கு ஒன்றே முக்கால் விநாடி. நீதிபதி பென்சிலால் பெருக்கிப் பார்த்துக்கொண்டார். ஏழு நிமிடம்.

அந்தக் கறுத்த டிக்கெட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வாதம் முடிகிற அன்று அந்த அட்டையை வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். எழுத்து ஒன்றும் இல்லை. ஆனால் குறுக்கே நெருக்கமாக மடிப்புக் கோடுகள், நான்கு டிக்கெட்டிலும். சுருட்டிய தாளை நீவி ஒட்டியதுபோல. நான் அதை வாதமாக வைக்கவில்லை. அது எதையும் நிரூபிக்காது. கட்சிக்காரரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், பேசவில்லை.

கொரோனாவில் நீதிமன்றம் மூடிக் கிடந்த மாதங்களும் சேர்ந்து, தீர்ப்பு வர 2022 ஆகிவிட்டது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, பணிநீக்கம் ரத்து, பணித்தொடர்ச்சியோடு மீண்டும் வேலை, பின்சம்பளத்தில் பாதி. கழகம் உயர் நீதிமன்றம் போகவில்லை. மற்ற பாதிக்காக நான் போகலாம் என்றேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

இப்போது பல பஸ்களில் ஆண்ட்ராய்டு மிஷின் வந்துவிட்டது; தொடுதிரை, யூபிஐ எல்லாம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டமும் மாறிவிட்டது. 65-பி இருந்த இடத்தில் புதிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு. சான்றிதழில் ஹாஷ் மதிப்பு வேண்டும், நிபுணர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். ஆனால் பழைய கீபேடு மிஷின்கள் ஓடுகிற கிளைகள் இன்னும் இருக்கலாம். அங்கே வேலை பார்க்கும் கண்டக்டர் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: காலையில் மிஷினை வாங்கியதும் உங்கள் செல்போன் நேரத்தோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வேபில்லில் எழுதி, வண்டி எடுக்கும் முன் கிளையில் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.