முதலில் செவி, பின்பு நாவு



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையின் இளந்தாய் ஒருவர் இரண்டரை வயது மகனை இடுப்பில் சுமந்தபடி என்னிடம் வந்தார். "ஐயா, இவன் இன்னும் ‘அம்மா’ என்றுகூடச் சொல்லவில்லை, ஜெபம் பண்ணுங்கள்" என்றார். சிறுவனின் தலைமேல் கைவைத்து ஜெபித்தேன். பின்பு, "கவலைப்படாதே மகளே, ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள். என் தம்பியும் அப்படித்தான்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. ஆறுதல் அளித்துவிட்ட நிறைவோடு நானும் வீடு திரும்பினேன்.

அச்சொல்லை நம்பி அக்குடும்பம் ஒன்றரை ஆண்டு காத்திருந்தது. பாலர் பள்ளி ஆசிரியை வற்புறுத்திய பின்னரே செவித்திறன் சோதனைக்குச் சென்றார்கள். நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தது. மொழி வளர்ச்சியிலும் தாமதம் இருந்தது. சிகிச்சையாலும் பேச்சுப் பயிற்சியாலும் அவன் பேசத் தொடங்கினான். ஆயினும் எட்டு வயதாகியும் வாசிக்கத் தடுமாறுகிறான். வகுப்பில் அவனுக்குச் ‘சோம்பேறி’ என்ற பெயரும் கிடைத்தது. முன்னரே சென்றிருந்தால் இது நேராதிருக்குமா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் அந்த ஒன்றரை ஆண்டை எடுத்துக்கொண்டது என் சொல். அத்தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் தாமாகவே மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். சிலருக்கோ பின்னாளில் வாசிப்பதும் எழுதுவதும் பிறரோடு பழகுவதும் கடினமாகின்றன. எந்தப் பிள்ளை எந்த வகை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறிய முடியாது. ஆகவே, ஒரு வயதாகியும் மழலை ஒலிகளோ, விரல்நீட்டிக் காட்டுவதோ இல்லையெனில், 16 மாதத்தில் ஒரு சொல்லும் வரவில்லையெனில், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையெனில், தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பேசிய சொற்களைக் குழந்தை இழந்தால், வயது எதுவாயினும் அன்றே செல்லுங்கள். வீட்டில் இரு மொழி பேசுவது இதற்குக் காரணமன்று. அங்கன்வாடிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் கேளுங்கள். மாவட்டத் தலைநகரிலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்திற்கு வழிகாட்டுவார்கள். அங்கே சிகிச்சை இலவசம்.

மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில், செவி கேளாமலும் பேச்சுத் திக்கியும் இருந்த ஒரு மனிதரை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அம்மனிதரைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துச் செல்கிறார். முதலில் செவிகளில் விரல்களை வைக்கிறார். அதன்பின்னரே நாவைத் தொடுகிறார். இப்பகுதியைப் பலமுறை பிரசங்கித்தவன் நான். அன்றோ நாவுக்காக மட்டும் ஜெபித்தேன். ‘இவனுக்குக் காது கேட்கிறதா?’ என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கடந்த மாதம் ஓய்வுநாள் பாடசாலையில் அவன் எழுத்துக்கூட்டி ஒரு வசனத்தை வாசித்தான். நெடுநேரம் ஆயிற்று. எவரும் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. அவன் தாய் கடைசி வரிசையில் கண்களை மூடியிருந்தார். அவன் முடிக்கும்வரை நாங்கள் அனைவரும் காத்திருந்தோம்.