பள்ளிக்கூடம் தேடிப் போன நாடகம்... கோவென்ட்ரி நகரம் சொல்லும் கதை!

லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கோவென்ட்ரி வந்துவிடும். தூரம் ஏறக்குறைய 150 கி.மீ. இங்கிலாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஊரை விட்டுவிட்டு, அருகில் இருக்கும் ஷேக்ஸ்பியரின் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய்விடுவார்கள். கோவென்ட்ரி என்றால் கார் தொழிற்சாலை, போரில் இடிந்த தேவாலயம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால், உலகம் முழுக்கப் பரவிய இரண்டு விஷயங்கள் இந்த ஊரில் தொடங்கின. ஒன்று, சைக்கிள். இரண்டும் ஒரே அளவுச் சக்கரம், பின் சக்கரத்துக்குச் செயின் என்று இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளின் வடிவத்தை, 1885-ல் இங்கே தயாரான 'ரோவர்' சைக்கிள்தான் நிலைநிறுத்தியது. இன்னொன்று, பள்ளிக்கூடத்துக்கே வந்து பாடம் நடத்தும் நாடகம். 'தியேட்டர் இன் எஜுகேஷன்' என்று இன்று பல நாடுகளில் அழைக்கப்படும் அந்த முறை, 1965-ல் இங்கிருக்கும் பெல்கிரேட் தியேட்டரில் பிறந்தது.

முதல் விஷயத்தை மியூசியத்தில் பார்க்கலாம். இரண்டாவதைப் பார்க்க முடியாது. ஏன் என்பதுதான் இந்த ஊரின் கதை.

இடிந்த ஊரில் எழுந்த மேடை

1940 நவம்பர் 14-ம் தேதி இரவு. ஜெர்மன் விமானங்கள் கோவென்ட்ரியின் மீது விடிய விடியக் குண்டு வீசின. 500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊரின் நடுப்பகுதி எரிந்துபோனது. செயின்ட் மைக்கேல் தேவாலயத்தில் வெளிச் சுவர்களும் கோபுரமும்தான் மிஞ்சின.

அந்தச் சுவர்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. கூரை கிடையாது, மழை நேராகத் தரையில் விழுகிறது. பலிபீடம் இருந்த இடத்தின் பின்சுவரில் 'தந்தையே மன்னியும்' என்ற பொருள் தரும் இரண்டே ஆங்கிலச் சொற்கள். 'அவர்களை' என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. மன்னிப்பு எல்லோருக்கும் தேவை என்பதுதான் அர்த்தம். இடிபாட்டை ஒட்டியே, பாசில் ஸ்பென்ஸ் வடிவமைத்த புதிய தேவாலயம் 1962-ல் திறக்கப்பட்டது. பழையதை இடிக்காமல் பக்கத்திலேயே புதியதைக் கட்டிய அந்த முடிவைப் பார்ப்பதற்காகவே பலர் இங்கே வருகிறார்கள்.

அங்கிருந்து கடைவீதி வழியாகச் சில நிமிடங்கள் நடந்தால் பெல்கிரேட் தியேட்டர். இங்கிலாந்து நகரத்தின் அரங்குக்கு செர்பியத் தலைநகரின் பெயர் எதற்கு? அன்றைய யூகோஸ்லாவியாவின் பெல்கிரேட் நகரமும் 1941-ல் குண்டுவீச்சில் சிதைந்த ஊர்தான். அந்த நகரம் அன்பளிப்பாக அனுப்பிய பீச் மரத்தைப் பயன்படுத்தி அரங்கின் உட்புறத்தை அமைத்தார்கள். நன்றியாக அதன் பெயரையே வைத்தார்கள். 1958 மார்ச் 27-ல் அரங்கு திறக்கப்பட்டது. போருக்குப் பிறகு பிரிட்டனில் கட்டப்பட்ட முதல் நகர அரங்கு இது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்தில் கேண்டால்ஃபாக வந்த இயன் மெக்கெல்லன், தொழில்முறை நடிகராக முதலில் மேடையேறியது 1961-ல் இங்கேதான்.

புது ஊர்... புதுப் பள்ளிகள்

நாடக அரங்கோடு பள்ளிகளும் எழுந்தன. பிரிட்டனில் அப்போது 11 வயதில் ஒரு தேர்வு வைத்து, 'நன்றாகப் படிக்கும் பிள்ளை', 'மற்ற பிள்ளை' என்று பிரித்துத் தனித்தனிப் பள்ளிகளுக்கு அனுப்புவது வழக்கம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கும் 'காம்ப்ரிஹென்சிவ்' பள்ளிகளை முன்கூட்டியே கட்டத் தொடங்கிய நகரங்களில் கோவென்ட்ரியும் ஒன்று. கலூடன் காசில், வுட்லேண்ட்ஸ், லிங் ஹால் போன்ற பள்ளிகள் 1950-களில் இப்படி வந்தவை. பெரிய பள்ளியில் குழந்தை தொலைந்துபோகக் கூடாது என்பதற்காக, மாணவர்களைச் சிறு சிறு 'ஹவுஸ்'களாகப் பிரித்து, அவற்றுக்கெனக் கட்டடங்களையே ஒதுக்கினார்கள்.

புது அரங்கு ஒருபுறம், புதுப் பள்ளிகள் மறுபுறம். இரண்டையும் இணைத்தால் என்ன என்ற யோசனை 1960-களின் நடுவில் வந்தது. பெல்கிரேடில் பணியாற்றிய கார்டன் வாலின்ஸ் இதற்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர். நகராட்சி பணம் ஒதுக்கியது. 1965-ல் நான்கு பேர் கொண்ட ஒரு சிறு குழு பள்ளிகளுக்குக் கிளம்பியது. அவர்களுக்கு வைத்த பெயர் 'நடிகர்-ஆசிரியர்'. நடிக்கவும் தெரிய வேண்டும், வகுப்பைக் கையாளவும் தெரிய வேண்டும். பள்ளிகள் ஒரு காசு கூடத் தர வேண்டியதில்லை. மொத்தச் செலவும் ஊர்ப் பணம்.

கைதட்ட அல்ல... முடிவெடுக்க!

பள்ளியில் நாடகம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ஆண்டு விழா. 500 பேர் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் யாராவது நல்லது சொல்வார்கள். கைதட்டல். தேசிய கீதம்.

கோவென்ட்ரி குழு செய்தது வேறு. ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு வகுப்புகள் மட்டும்தான். அரை நாள், சில நேரம் முழு நாள், சில நிகழ்ச்சிகளுக்குப் பல நாள். குழு வருவதற்கு முன்பே வகுப்பாசிரியர்களோடு பேசிவிடுவார்கள். போன பிறகு வகுப்பில் தொடர்ந்து நடத்துவதற்குக் குறிப்புகளும் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், பிள்ளைகளுக்குக் கதைக்குள்ளேயே ஒரு வேலை இருக்கும்.

1970-களில் 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்காக உருவான 'பவ் வாவ்' நிகழ்ச்சி ஓர் உதாரணம். கௌபாய் உடையில் டெக்ஸ் என்பவர் வருகிறார். வேடிக்கை காட்டுபவர். அவரிடம் ஒரு கூண்டு. உள்ளே பிளாக் எல்க் என்ற அமெரிக்கப் பழங்குடி மனிதர். 'இவன் ஆபத்தானவன்' என்று சொல்லிவிட்டு டெக்ஸ் வெளியே போய்விடுகிறார். குழந்தைகள் மெல்ல மெல்லக் கூண்டிலிருப்பவரோடு பழகுகிறார்கள். அவர் எப்படி வாழ்ந்தவர் என்று தெரிந்துகொள்கிறார்கள். பிறகு டெக்ஸ் திரும்பி வருகிறார். இப்போது யார் சொல்வதை நம்புவது? யார் பக்கம் நிற்பது? சொல்லித்தர ஆளில்லை. முதலாம் வகுப்புப் பிள்ளைகள்தான் முடிவு செய்ய வேண்டும். பெரியவர் ஒருவர் அடித்துச் சொன்னாலும் அது பொய்யாக இருக்கலாம் என்பதை, ஒரு வரி உபதேசம் இல்லாமல் ஆறு வயதுக் குழந்தைக்குப் புரியவைத்தது அந்தக் கூண்டு.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு 'டிரிங்க் த மெர்க்குரி'. ஜப்பானின் மினமாட்டாவில் ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவு, மீன் வழியாக மனிதர்களின் உடலுக்குள் போய் அவர்களை முடக்கிய உண்மைச் சம்பவம்தான் கதை. கொடைக்கானலின் பாதரசக் கழிவுப் பிரச்னையைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு அருகில் இருக்கும் விஷயம் என்று புரியும். 'சுற்றுச்சூழல்' என்ற சொல் பாடப்புத்தகங்களில் பெரிதாக நுழையாத 1970-களின் தொடக்கத்திலேயே, ஒரு தொழிற்சாலை நகரத்தின் பிள்ளைகளுக்கு இதை நடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

19 வயது பென்ட்லிக்கு நீதி எது?

பள்ளிப் படிப்பை முடிக்கப் போகும் மாணவர்களுக்காக உருவானது, 'எக்ஸாம்பிள்' என்ற நாடகம். இதுவும் உண்மைக் கதை.

1952 நவம்பரில், லண்டனுக்கு அருகே க்ராய்டனில் இரண்டு பையன்கள் ஒரு குடோனில் திருட ஏறினார்கள். கிறிஸ்டோபர் க்ரெய்குக்கு 16 வயது. டெரிக் பென்ட்லிக்கு 19. போலீஸ் சுற்றி வளைத்தது. க்ரெய்க் சுட்டதில் ஒரு போலீஸ்காரர் இறந்தார். அந்த நேரத்தில் பென்ட்லி ஏற்கெனவே போலீஸ் பிடியில் இருந்தார். சுட்டவர் சிறுவர் என்பதால் அவருக்குத் தூக்கு இல்லை. சுடாத பென்ட்லி 1953 ஜனவரி 28-ல் தூக்கிலிடப்பட்டார்.

இதை மாணவர்கள் முன்னால் வைத்தார்கள். அவர்களில் பலர் க்ரெய்கின் வயதில் இருந்தவர்கள். சட்டம் என்றால் என்ன, உதாரணம் காட்டுவதற்காக ஓர் உயிரை எடுக்கலாமா என்று அவர்களே பேச வேண்டியிருந்தது. தேர்வில் இதற்கு மார்க் கிடையாது.

பல ஆண்டுகள் கழித்து, 1998 ஜூலையில், பென்ட்லிக்கு விதிக்கப்பட்ட தீர்ப்பு தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பள்ளிக்கூட ஹாலில் பிள்ளைகளிடம் கேட்ட கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொன்னபோது, கேட்ட குழு இல்லை. பெல்கிரேடின் பள்ளி நாடகக் குழு 1996-லேயே மூடப்பட்டிருந்தது.

ஏன் நின்றது?

நாடகம் தோற்கவில்லை. கோவென்ட்ரியைப் பார்த்து போல்டன், லீட்ஸ், எடின்பரோ என்று பிரிட்டன் முழுக்கக் குழுக்கள் முளைத்தன. இந்த முறை கடல் தாண்டியது. டெல்லியில் இருக்கும் தேசிய நாடகப் பள்ளியும் 1989-ல் 'தியேட்டர் இன் எஜுகேஷன்' குழுவை அமைத்தது.

மாறியது பணம் போகும் வழி. 1988-ல் பிரிட்டனில் வந்த கல்விச் சீர்திருத்தச் சட்டம் இரண்டு வேலைகளைச் செய்தது. நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம் வந்தது. அதை முடிக்கவே ஆசிரியர்களுக்கு நேரம் போதவில்லை. கூடவே, அதுவரை உள்ளாட்சியின் கையில் இருந்த கல்வி நிதியின் பெரும்பகுதி நேரடியாகப் பள்ளிகளுக்குப் பிரிந்து போனது. ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு குழுவை வைத்திருக்க உள்ளாட்சியிடம் பணம் இல்லை. இனி பள்ளிகள்தான் காசு கொடுத்து வரவழைக்க வேண்டும்.

ஒரு தலைமையாசிரியரின் இடத்தில் இருந்து பார்த்தால் சிக்கல் புரியும். கூரை ஒழுகுகிறது, புத்தகம் வாங்க வேண்டும், ஓர் ஆசிரியர் குறைவு. இதற்கு நடுவில், ஒரே ஒரு வகுப்புக்கு ஒரு நாள் நாடகம் நடத்தப் பணம் எங்கிருந்து வரும்? வந்தாலும், '30 பேருக்கு எதற்கு, மொத்தப் பள்ளிக்கும் சேர்த்து ஒரே ஷோ போடுங்கள்' என்றுதான் கேட்கத் தோன்றும். 300 பேர் உட்கார்ந்தால் கூண்டுக்குப் பக்கத்தில் யார் போக முடியும்? எந்தக் குழந்தை முடிவெடுக்கும்?

இப்போது என்ன நிலை?

இங்கிலாந்தில் புதுப் பள்ளிகள் இப்போதும் வருகின்றன. 2010-க்குப் பிறகு பெற்றோர், ஆசிரியர் குழுக்கள், அறக்கட்டளைகளே அரசு நிதியில் 'ஃப்ரீ ஸ்கூல்' தொடங்கலாம் என்ற திட்டம் வந்தது. 2011-ல் முதல் 24 பள்ளிகள் திறக்கப்பட்டன. விண்ணப்பம் எழுதுவது, இடம் பிடிப்பது, ஆசிரியர் எடுப்பது என எல்லாவற்றுக்கும் வழிகாட்ட ஆலோசனை அமைப்புகள் உருவாயின. 1950-களில் ஒரு நகராட்சி செய்த வேலையை இன்று ஆலோசகர்கள் பிரித்துச் செய்கிறார்கள்.

நாடகக் குழுக்களும் பள்ளிகளுக்கு வருகின்றன. சாலை விதி, உடல்நலம், கேலி கிண்டல் என்று தலைப்பு வாரியாக வந்து, நடித்துவிட்டு அடுத்த பள்ளிக்குப் போகும் குழுக்கள் அவற்றில் நிறைய. அவையும் பயனுள்ளவைதான். ஆனால், பழைய முறையில் குழந்தையின் கையில் முடிவை ஒப்படைக்கும் குழுக்கள் குறைவு. கோவென்ட்ரிக்குப் பக்கத்து நகரமான பர்மிங்ஹாமில் 1982-ல் தொடங்கிய 'பிக் ப்ரம்' அப்படி ஒன்று.

போகிறவர்கள் பார்க்க வேண்டியவை

கோவென்ட்ரியை ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். ஸ்டேஷனில் இருந்து நகரின் மையம் 10-15 நிமிட நடை. பிராட்கேட் சதுக்கத்தில் குதிரை மேல் அமர்ந்த லேடி கொடைவா சிலை. மக்கள் மீதான வரியைக் குறைக்கச் சொல்லிக் கணவரிடமே சவால் விட்டவள் என்று ஊர்க்கதை சொல்கிறது. அடுத்து பழைய தேவாலயமும் புதிய தேவாலயமும். போக்குவரத்து மியூசியத்தில் சைக்கிளில் தொடங்கி, ஒலியை விட வேகமாக ஓடிய 'த்ரஸ்ட் எஸ்.எஸ்.சி' கார் வரை இருக்கிறது. மாலையில் பெல்கிரேடில் நாடகம் இருந்தால் டிக்கெட் எடுக்கலாம். 858 இருக்கைகள் கொண்ட பெரிய அரங்கோடு, 2007 முதல் ஒரு சிறிய அரங்கும் இருக்கிறது.

ஆனால், இந்த அரங்குக்கு உலக நாடக வரலாற்றில் இடம் பிடித்துக்கொடுத்த நிகழ்ச்சிகள் எதுவும் அந்த 858 இருக்கைகளுக்காக உருவாகவில்லை. ஊரின் ஓரத்தில், மதிய உணவு வாசம் போகாத பள்ளி ஹால்களில் அவை நடந்தன. டிக்கெட் இல்லை, நினைவுச் சின்னமும் இல்லை. பார்த்த பிள்ளைகளுக்கு இன்று 40, 50, 60 வயது.

அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு ஒரு நாடகக் குழு வந்து போனால், வீட்டுக்கு வந்ததும் 'நல்லா இருந்துச்சா?' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 'உன்கிட்ட ஏதாவது கேட்டாங்களா? நீ என்ன சொன்ன?' என்றும் கேட்டுப் பாருங்கள்.