மணியின் பக்கம்

பெட்டை என்பதால்தான் மணி எனக்குக் கிடைத்தாள். எதிர்வீட்டுத் திண்ணையடியில் பிறந்த ஐந்து குட்டிகளில் ஆண்குட்டி மூன்றும் ஒரே வாரத்தில் போய்விட்டன. "பெட்டைன்னா செலவும்மா, வருசம் ரெண்டு தடவை குட்டி போட்டு நிக்கும்" என்றார் வீட்டுக்காரர். "வாடகை கட்டவே மூக்கால அழுவுற, இது எதுக்குடி?" என்றார் அம்மா.

அன்றிரவு கணக்கு நோட்டில் மணிக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினேன். எங்கள் வீட்டில் நோட்டு அப்பாவின் கையில் இருந்தது. அம்மாவிடம் இருந்தது கடுகு டப்பா மட்டும். நான் யாருக்கும் காட்டத் தேவையில்லாத முதல் கணக்கு இது.

குட்டி சும்மா கிடைத்தது. செலவு, அவள் வாழப்போகும் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு. அரிசி, முட்டை, கோழி ஈரல், உண்ணி மருந்து: மாதம் 2,400 ரூபாய். மூன்று மாதத்துக்கொரு முறை குடற்புழு மாத்திரை. வருடாவருடம் தடுப்பூசிகள். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தையொட்டி அரசு கால்நடை மருந்தகத்தில் வெறிநோய் ஊசியை இலவசமாகப் போட்டார்கள். மற்ற வருடச் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் எடுத்து வைத்தேன்.

நான் ஊருக்குப் போனால் பக்கத்துவீட்டு அக்காதான் பார்த்துக்கொள்வார். "சும்மாதானே இருக்கேன், காசெல்லாம் எதுக்கு?" என்றார். வீட்டுவேலைக்கு மதிப்பில்லை என்று மேடையில் பேசும் நான் அதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடலாமா? நாளுக்கு 200 என்று எழுதினேன்.

எழுதியும் செய்யாத ஒரு வரி இருந்தது: கருத்தடை அறுவை சிகிச்சை, 7,000. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று நான்கு வருடம் போனது. ஒருநாள் மணி சாப்பாட்டைத் தொடவில்லை, குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு வருவதுதான், இன்றே எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். 22,000. வளையலை அடகு வைத்தும் 5,000 குறைந்தது.

அம்மாதான் கொடுத்தார். கடுகு வாசம் அடித்த நோட்டுகள்.

மணி பிழைத்தாள். நோட்டில் "அவசரத்துக்கு, மாதம் 1,000" என்று புது வரி எழுதும்போதுதான் உறைத்தது: நான் கேலி செய்த அந்த டப்பாதான் இந்த வரி. எனக்கென்று அப்படி ஒன்றை நான் எழுதியதே இல்லை. மருத்துவர் சொன்ன கருப்பை ஸ்கேனை நானும் இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆயிரத்தை இரண்டாகப் பிரித்தேன். மணிக்கு 500, எனக்கு 500.