பேப்பர் முந்திக்கிச்சு!



எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். டோல்கேட்டில் வீடு. நைனா ஹார்பருக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். "காலேஜ்ல இன்னாடா கத்துக்கினே?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "உனக்குப் புரியாது நைனா" என்று சொல்லி நழுவிவிடுவேன். எனக்குப் பாடம் கிடைத்தது அதில்தான்.

என் ப்ராஜெக்ட், லாரி டிரிப் கணக்கு. 2002ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஏ.எஸ்.பி. டாட் நெட்டில், வெப் ஃபார்ம்ஸ் முறையில் செய்தேன். பக்கம் திறந்ததும், பேட்டா பாக்கி உள்ள டிரிப்பின் பெட்டியில் கர்சர் போய் நிற்க வேண்டும். எந்த டிரிப் என்பது சர்வருக்குத்தான் தெரியும். கர்சரை நகர்த்துவதோ பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். ஆகவே அந்த ஸ்கிரிப்டைச் சர்வரே அந்தந்த நேரத்தில் எழுதி, பக்கத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.

ரிவியூவுக்கு முதல் நாள் ராத்திரி. கர்சர் அசையவில்லை! எஃப்12 தட்டினால், அப்படி ஒரு பெட்டியே இல்லை என்று சிவப்பு எழுத்தில் பிழை. பெட்டியோ திரையில் கண்ணெதிரே இருக்கிறது!

வண்டியை விட்டுவிட்டு வந்த நைனா, என் முகத்தைப் பார்த்து "இன்னாடா?" என்றார். வேறு வழியில்லாமல் சொன்னேன். பிரவுசர் பக்கத்தை மேலிருந்து கீழே வரிசையாகப் படிக்கும் என்பதையும் சொன்னேன்.

"அப்போ ஒன் பேப்பரு முன்னாடியே கேட்டுக்கு வந்துட்ச்சா பாரு. வண்டி க்யூவுல பின்னாடி நிக்குது. பேப்பரை வச்சிக்கினு அவன் எந்த வண்டியைத் தேடுவான்?"

அதேதான்! நான் போட்டிருந்த 'ரிஜிஸ்டர் கிளையன்ட் ஸ்கிரிப்ட் பிளாக்', ஃபார்ம் தொடங்கியதுமே ஸ்கிரிப்டை வைத்துவிடும். அப்போது பெட்டி பிறக்கவே இல்லை. 'ரிஜிஸ்டர் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்' என்றால், ஃபார்ம் முடிவதற்குச் சற்று முன்னால் வைக்கும். மாற்றினேன். கர்சர் போய் நின்றது.

ஜூனியர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் தனி 'கீ' கொடுங்கள். ஒரே வகையில் ஒரே கீயோடு இரண்டு பதிந்தால் முதலாவது மட்டுமே போகும். பயனர் தட்டியதை அப்படியே ஸ்கிரிப்டுக்குள் ஒட்டாதீர்கள். ஒரு மேற்கோள் குறியே அதை உடைத்துவிடும், கெட்டவன் தன் கட்டளையையே நுழைத்துவிடுவான். 'ஜாவாஸ்கிரிப்ட் ஸ்ட்ரிங் என்கோட்' வழியாக அனுப்புங்கள்.

ரிவியூ நல்லபடியாக முடிந்தது. "உனக்குப் புரியாது" என்று இப்போது நான் வீட்டில் சொல்வதில்லை. எனக்குச் சொல்லத் தெரியாததைத்தான் இத்தனை நாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன், நண்பர்களே!

– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்