இணையப் பக்கம் எழுதக் கற்பதும் ஓர் அமானிதமே



செஞ்சியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாய், பொண்ணு வெப் டிசைன் படிக்கணும்ங்கிறா. விழுப்புரத்துல சேக்கலாமா, பாண்டிச்சேரிக்கு அனுப்பலாமா? எவ்ளோ ஃபீஸ் ஆகும்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் சில மாணவ மாணவியருக்கு இணைய வடிவமைப்பு கற்றுக்கொடுக்கும் நண்பர்கள் சிலர் நாங்கள். இக்கேள்விக்கு நாங்கள் சொல்லும் பதில் பெற்றோரை வியப்பில் ஆழ்த்துகிறது. முதல் ஆறு மாதங்களுக்கு எங்கும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. கற்க வேண்டியவை அனைத்தும் உலகம் முழுவதற்கும் இலவசமாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளன. இது தெரியாமல் வட்டிக்கு நகையை அடகு வைத்துச் சான்றிதழ் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. பிள்ளையின் ஹலாலான வருமானத்திற்காகத் தொடங்கும் முயற்சி வட்டியில் கால் வைத்துத் தொடங்குவது எத்தனை வருத்தத்திற்குரியது! எனவே எவை எங்கே கிடைக்கின்றன, அவற்றைக் கற்றவர்மீது என்ன கடமை சேர்கிறது என்ற இரண்டையும் இங்கே எழுதுகிறோம்.

இணையம் திறந்ததாக அமைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் வைய விரிவு வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று அந்த ஆய்வகம் அதன் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக அறிவித்தது. இன்றும் கணினி உலாவியில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அது அனுப்பிய எச்டிஎம்எல் மூலத்தை நாம் பார்க்கலாம். எந்தத் தச்சர் தம் பட்டறைக் கதவை இப்படி வழிப்போக்கருக்கெல்லாம் திறந்து வைப்பார்? மார்க்கச் சட்டத்தின்படி இது வக்ஃபு ஆகாது. ஆயினும் ஊருக்காக வெட்டிய கிணற்றில் யாரும் நீர் இறைத்துக்கொள்ளலாம் என்ற அதே மனம் இதிலும் தெரிகிறது.

அந்த மனம் படைத்த ஒருவர் நம் சமுதாயத்திலும் இருந்தார். அதிராம்பட்டினம் உமர் தம்பி அவர்களை இளைய தலைமுறை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லையெனில் பக்கம் முழுவதும் புரியாத குறிகளாகவே தோன்றும். ஒருங்குறி வந்த பின்னரும் விண்டோஸ் 98 போன்ற பழைய கணினிகளில் தமிழ் சரியாகத் தெரியவில்லை. உமர் தம்பி 'தேனீ' என்ற ஒருங்குறி எழுத்துருவை உருவாக்கி, பக்கமே எழுத்துருவைத் தன்னுடன் கொண்டுவரும் வழியை ஏற்படுத்திக் கொடுத்தார். பழைய குறியாக்கத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளையும் அளித்தார். எதற்கும் அவர் விலை கேட்கவில்லை. 2006-இல் அவர் வஃபாத்தானார். மனிதர் இறந்த பின்னும் அவருக்கு நன்மை சேர்க்கும் செயல்களில், பிறர் பயன்பெறும் கல்வியையும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்துச் சொன்னதை நாம் அறிவோம். அல்லாஹ் அவருடைய பணியை ஏற்று, அவருக்கு உயர்ந்த சுவனத்தை வழங்குவானாக.

இனி, கற்கும் வழிக்கு வருவோம். முதல் நூல் பெரும்பாலும் பிள்ளைகளின் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் தமிழிலேயே கற்பிக்கிறது. தேர்வு முடிந்ததும் பழைய தாள் கடைக்குப் போகும் நூல் அது. அதைத் தேடி எடுத்துவரச் சொல்லியே எங்கள் முதல் வகுப்பைத் தொடங்குகிறோம். அடுத்து, 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழும், அதன் வழியே வந்த 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்களும் உள்ளன. மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் பலவற்றில் தமிழ் விளக்கம் ஒலிக்க, திரையில் செயல்முறை ஓடுகிறது. ஒரு பாதியில் அதைப் பார்த்தபடி மறு பாதியில் தாமும் செய்து பழகலாம். வெளியே அனுப்பத் தயங்கும் வீடுகளிலிருந்து வரும் மாணவியர் இதனால் பெரிதும் பயனடைகின்றனர்.

தமிழில் அடிப்படை விளங்கிய பின் ஆங்கிலத்திற்குச் செல்வது கடினமாக இருப்பதில்லை. 2014-இல் தொடங்கப்பட்ட ஃப்ரீகோட்கேம்ப், சிறு சிறு பயிற்சிகளாகக் கற்பித்து, செயல்திட்டங்களை முடித்தோருக்குச் சான்றிதழையும் இலவசமாகவே அளிக்கிறது. ஐயம் எழும்போது புரட்டும் அகராதி போன்றது மொஸில்லாவின் எம்டிஎன். எழுதிய பக்கத்தில் பிழை உண்டா என்று பார்த்துச் சொல்ல டபிள்யூ3சி அமைப்பின் சரிபார்ப்புக் கருவி இருக்கிறது. முடித்த பக்கத்தை உலகறிய வைக்க கிட்ஹப் பேஜஸ் இலவச இடம் தருகிறது. அண்டையிலேயே துணையும் உண்டு. விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு இலவசப் பயிற்சி அளித்துவருகிறது.

மடிக்கணினி இல்லாத பிள்ளை என்ன செய்வது? ஆண்ட்ராய்டு கைபேசியிலேயே 'ஏகோடு' போன்ற இலவசத் தொகுப்பானை நிறுவி எச்டிஎம்எல் எழுதலாம். சிறு திரையில் அது சிரமந்தான். ஆனால் நம் ஊரில் பெரும்பாலோர் இணையத்தைப் பார்ப்பதும் அதே சிறு திரையில்தான் என்பதால், கைபேசியில் எழுதப் பழகியவரின் பக்கம் கைபேசியில் நன்றாகவே அமைகிறது. சில மாதங்களில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த பழைய மடிக்கணினி எங்கிருந்தாவது வந்து சேரும். வேகம் குறைந்த அக்கணினியில் லினக்ஸ் நிறுவினால் மீண்டும் உழைக்கத் தொடங்கிவிடுகிறது.

ஒரு விடயத்தில் மட்டும் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். பூட்டு உடைத்த மென்பொருளை எங்கள் வகுப்பில் நிறுவுவதில்லை. 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியர்க்கும் கண்டுபிடிப்பாளர்க்கும் உரிய உரிமைகள் மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்டவை என்றும் அவற்றை மீறலாகாது என்றும் முடிவு செய்தது. படங்களைத் திருத்த கிம்ப், சின்னங்கள் வரைய இங்க்ஸ்கேப் என்று முறையாகவே கிடைக்கும் இலவச மென்பொருள்கள் இருக்கும்போது, ஐயத்திற்குரிய வழியில் செல்ல வேண்டிய தேவையே இல்லை.

மாணவர்களுக்கு நாங்கள் தரும் முதல் பணி, மஹல்லாவின் தொழுகை நேர அட்டவணை. ஐந்து வக்துகள், முப்பது நாள்கள், ஓர் எச்டிஎம்எல் அட்டவணை. பார்வைக்கு எளிய பயிற்சி. ஆயினும் ரமளானில் ஒருவர் அப்பக்கத்தைப் பார்த்து ஸஹரை முடிப்பார், நோன்பு திறப்பார். ஒரு வரிசை கீழே நகர்ந்துவிட்டால் அடுத்தவருடைய நோன்பு பாதிக்கப்படும். ஆகவே ஜமாஅத் வெளியிட்ட அச்சுக் காலண்டருடன் ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்த்த பின்னரே பக்கம் வெளியாகும். எந்த ஆண்டிற்கு, எந்த ஊருக்கு என்பதும் மேலே இருக்க வேண்டும். அமானிதம் என்ற சொல்லின் பொருள் ஒரு சொற்பொழிவைவிட இப்பயிற்சியில் பிள்ளைகளுக்கு நன்றாக விளங்குகிறது.

இரண்டாவது பணி, அப்பக்கத்தில் ஓர் இறைவசனத்தைச் சேர்ப்பது. தமிழ் இடமிருந்து வலம் செல்வது, அரபி வலமிருந்து இடம் செல்வது. வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்கு நஸ்தலீக் எழுத்தும் வேண்டும். இந்தப் பகுதி எந்த மொழி, எத்திசையில் செல்வது என்று உலாவிக்குச் சொல்லாவிட்டால் நிறுத்தக்குறிகள் இடம் மாறி நிற்கும். அரபித் தமிழ் எழுதிய நம் முன்னோர் தமிழ் ஒலிகளுக்கென அரபி எழுத்தில் புள்ளிகளைக் கூட்டி இரு மொழிகளையும் ஒரு தாளில் இணைத்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இது அந்நியமான கலை ஆகாது. குர்ஆன் மூலத்தை எவரும் தட்டச்சு செய்யக் கூடாது என்பது எங்கள் விதி. எழுத்துக்கு எழுத்து சரிபார்க்கப்பட்ட 'தன்ஸீல்' தளத்திலிருந்து மாற்றமின்றி எடுத்து, அதன் பெயரையும் குறிப்பிட்டு, கட்டற்ற 'அமீரி' எழுத்துருவில் அமைக்கிறோம். தமிழுக்கு நோட்டோ, முக்தா மலர் முதலிய எழுத்துருக்கள் உள்ளன.

மூன்றாவது பணியே எங்கள் உள்ளத்திற்கு மிக நெருக்கமானது. பக்கத்தை முடித்த மாணவர் கண்களை மூடிக்கொண்டு, கைபேசியிலுள்ள டாக்பேக் குரலின் உதவியால் மட்டும் அன்றைய மஃரிப் நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கணினியில் இதற்கெனப் பார்வையற்ற இரு ஆஸ்திரேலிய நண்பர்கள் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற இலவச மென்பொருள் உள்ளது. தலைப்புகள் ஒழுங்காக அமைந்த பக்கம் தெளிவாகப் பேசும். அட்டவணையைப் படமாக ஒட்டிய பக்கம் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். நம் ஜமாஅத்துகளின் ஜனாஸா அறிவிப்புகளும் ஜகாத் அறிவிப்புகளும் இன்று வண்ணப் படங்களாகவே வாட்ஸ்அப்பில் வருகின்றன. பார்வையற்ற சகோதரருக்கு அவற்றில் ஓர் எழுத்துமில்லை.

இங்கே அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நேர்வழியைக் கற்க வந்த அந்தப் பார்வையற்ற தோழரை முன்னிட்டே 'அபஸ' அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. பின்னாளில் அவர் மதீனாவில் பாங்கு சொன்னார். விடிந்துவிட்டது என்று பிறர் சொன்ன பின்னரே ஃபஜ்ர் பாங்கு சொல்வார் என்று ஹதீஸில் காண்கிறோம். அன்று நேரம் சொல்ல அவருக்கு அருகில் மனிதர்கள் இருந்தார்கள். இன்று அந்த இடத்தில் நாம் எழுதும் பக்கம் நிற்கிறது. அது அவருக்குச் சொல்லுமா, முகம் திருப்பிக்கொள்ளுமா என்பதை வடிவமைப்பவரே தீர்மானிக்கிறார். பின்னணிக்கும் எழுத்துக்கும் குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு வேண்டும் என்று அணுகல் வழிகாட்டு நெறிகள் கூறுவதைப் பிள்ளைகள் இதன் பிறகு மறப்பதில்லை. வெளிர் சாம்பல் எழுத்து அழகாய் இருந்தாலும் தம் நன்னாவுக்குப் படிக்க இயலாது என்பதை அவர்களே சொல்கிறார்கள்.

இவ்வளவும் கற்ற பிறகு ஊரைப் பற்றி எழுதச் சொல்கிறோம். 2025 ஜூலையில் மராத்திய இராணுவ நிலவமைப்புகளின் 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. வெளியூரார் செஞ்சியைத் தேடும்போது யாருடைய சொற்களை வாசிக்கப்போகிறார்கள்? கோட்டைக்குள் இருக்கும் சாதத்துல்லா கான் பள்ளிவாசல் 1717-18-இல் கட்டப்பட்டது. 1714-இல் ராஜா தேசிங்கு போரில் மடிந்ததையும், அவருடைய முஸ்லிம் நண்பர் உடன் நின்றதையும் நாட்டுப்பாடல் பேசுகிறது. கல்வெட்டு சொல்வது எது, பாடல் சொல்வது எது என்று பிரித்து எழுதுமாறு மாணவரிடம் கேட்கிறோம். அறிவிப்பாளர் வரிசையைப் போற்றிய சமுதாயம், செய்தி எங்கிருந்து வந்தது என்று இணையத்திலும் சொல்ல வேண்டாமா?

பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே. கட்டணத்தைப் பற்றி யோசிக்கும் முன் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமும், இடையூறில்லாத ஒரு மூலையும் கொடுங்கள். ஆறு மாதங்களில் அவர் தாமாகச் செய்த மூன்று பக்கங்கள் இருக்குமானால், அதன் பிறகு எங்குச் சேர்ப்பது என்று அவரே சொல்வார். ஜமாஅத் நிர்வாகிகளே, பள்ளிவாசலின் ஓர் அறையையும் இணைய இணைப்பையும் வாரத்தில் இரு மணி நேரம் இப்பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். அடுத்த அறிவிப்பைப் படத்துடன் எழுத்தாகவும் அனுப்புங்கள். கற்று முடித்தவர்களே, இலவசமாகப் பெற்ற கல்விக்கு நன்றி, இன்னொருவருக்குக் கற்றுக்கொடுப்பதே.

யா அல்லாஹ், பயனுள்ள கல்வியை எங்களுக்குத் தருவாயாக. நாங்கள் கற்றதைப் பிறர் பயன்பெறும்படி ஆக்குவாயாக. ஆமீன்.