நேராகப் போகும் வண்டி

அந்த ரோபோவுக்குக் கை இல்லை. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் உருளும் ஓர் இரும்புக் குண்டு, மேலே மூளைப்பெட்டி, அடிவயிற்றில் தரையைப் பார்க்கும் ஓர் உணரி. அவ்வளவுதான். “கைய அப்புறம் வெச்சிக்கலாம். மொதல்ல நேரா போவட்டும்” என்றார் ஆசிரியை. பொருளைத் தூக்கவும் தள்ளவும் ரோபோ போட்டியில் மதிப்பெண் உண்டு. பிள்ளைகளுக்கும் அதில்தான் ஆசை. ஆனாலும் வெறும் வண்டி ஒழுங்காக ஓடும்வரை கைக்கான பாகங்கள் பெட்டியைவிட்டு வெளியே வராது.

மலேசியாவின் சிரம்பானிலிருந்து ரந்தாவ் பக்கம் போகும் சடக்கில் இரு புறமும் செம்பனை. ஒரு காலத்தில் எல்லாம் பால்மரம். லயங்கள் பல இடிந்துவிட்டன. பெற்றோர் பலர் விடியுமுன்னே செனவாங், நீலாய் தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தின் பெயரில் மட்டும், தோட்டம் என்று பொருள்படும் ‘லாடாங்’ நிலைத்து நிற்கிறது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்து நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அப்படி முளைத்த பள்ளிகளில் கிராணியும் கங்காணியும்கூடப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இன்று 150 மாணவருக்குக் குறைந்தால் அது ‘மாணவர் குறைந்த பள்ளி’ என்ற பட்டியலில் சேரும். நான் போனது அந்தப் பட்டியலில் உள்ள ஒன்று. எப்போது மூடுவார்களோ என்ற பேச்சு அங்கே ஓய்வதில்லை. ரோபோ விஷயத்தில் மட்டும் இந்தச் சிறுமை ஒரு லாபம்: இருப்பது ஒரே பெட்டி, ஆனாலும் ஆறாம் ஆண்டில் அதைத் தொடாத பிள்ளை கிடையாது.

பெட்டி, லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் இவி3. 2013இல் வந்த வரிசை; நிறுவனம் 2022 இறுதியில் மைண்ட்ஸ்டார்ம்ஸையே நிறுத்திவிட்டது. அதனால் தொலைந்த பாகம் தொலைந்ததுதான். வீட்டுக்குப் போகுமுன் தரையைப் பெருக்கி, குப்பையை விரலால் கிளறிப் பார்ப்பது இங்கே பாடத்தின் ஒரு பகுதி. கறுப்புப் பின் இறுக்கிப் பிடிக்கும், சாம்பல் பின் வழுக்கிச் சுழலும். சட்டத்துக்குக் கறுப்பு, அசையும் இடத்துக்குச் சாம்பல். ஒரு சிறுமி பார்க்காமலே, விரலால் உருட்டிப் பார்த்துப் பிரித்துப்போட்டாள்.

நூலக அறையில் மேசைகளை ஒதுக்கிவிட்டுக் களத்தை விரித்திருந்தார்கள். பேனர் கடையில் அச்சடித்த விரிப்பு. 2362 மில்லிமீட்டர் நீளம், 1143 அகலம். “அங்கிள், மிதிச்சிராதீங்க!” சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

வண்டி கிளம்பியது. விரிப்பின் மறுகோடிக்குப் போவதற்குள் ஒரு சாண் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது. மறுபடி விட்டார்கள், மறுபடியும் இடப்பக்கம். ஒரு பையன் கணினியை இழுத்தான்: இடது மோட்டாருக்குக் கொஞ்சம் வேகம் கூட்டினால் சரியாகிவிடும் என்றான். ஆசிரியை விடவில்லை. “புரோகிராம்ல மறைக்காதடா. எங்க கோளாறுன்னு பாரு.” இந்தத் தொழிலின் பாதி இதில் இருக்கிறது என்பேன். வேகத்தைக் கூட்டி மறைத்த கோணல், நாளை வேறு வேகத்தில் ஓட்டும்போது வேறு கோணலாக வந்து நிற்கும்.

குண்டைக் கழற்றினார்கள். அதன் குழிக்குள் தலைமுடியும் தூசியும். துடைத்தார்கள், கொஞ்சம் தேறியது, போதவில்லை. மகளை அழைத்துப்போக வந்த தகப்பனார் ஒருவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்டேட் பட்டறையில் பிட்டர். செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர்களும் டிரெய்லர்களும் அவர் கைப்பட்டவை. உள்ளே வந்து குனிந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டே. “சக்கரத்த ஒரு பக்கந்தான் புடிச்சிருக்கு. மேல பாரம் இருக்கில்ல? அச்சு வளையாம என்ன செய்யும்?” மகள் வண்டியைத் தலைகீழாகத் திருப்பினாள். அச்சின் வெளிமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு வெளிப்புறமாக ஒரு சட்டம் கொடுத்து இரு முனையையும் தாங்கினார்கள். ஒரு சாணாக இருந்த விலகல் இரண்டு விரற்கடையாகக் குறைந்தது. மீதிக்குக் களத்தின் சுவரே மருந்து: வழியில் ஓரிடத்தில் வண்டி பின்னால் வந்து சுவரில் முதுகை முட்டி, நேராகி, அங்கிருந்து புதிதாகக் கிளம்பும்.

தூரத்தையும் திருப்பத்தையும் கணக்கில் பிடிக்கிறார்கள். சக்கரத்தின் விட்டம் 5.6 சென்டிமீட்டர், ஒரு சுற்றுக்கு 17.6 சென்டிமீட்டர் ஓடும். 88 சென்டிமீட்டர் போக ஐந்து சுற்று. நின்ற இடத்தில் செங்கோணமாகத் திரும்ப, இரு சக்கரத்துக்கும் இடைவெளி 12 சென்டிமீட்டர் என்றால், 12ஐ 5.6ஆல் வகுத்து 90ஆல் பெருக்கு: ஏறத்தாழ 193 பாகை. ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னுமாக அவ்வளவு சுழல வேண்டும். வகுத்தல் கணக்கைக் கண்டால் வயிற்றுவலி வரும் பையன்தான் இதைப் பலகையில் போட்டான்.

உணரியில் ஒரு வேடிக்கை. தரை எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்க்கும்போது அது சிவப்பு விளக்கைத்தான் அடிக்கிறது. வெள்ளைத் தரை பளிச்சென்று தெரியும், கறுப்புக் கோடு இருட்டாகத் தெரியும். சிவப்புக் கட்டமோ சிவப்பு விளக்கில் வெள்ளையைப் போலவே தெரியும். வெளிச்சத்தை மட்டும் நம்பி, சிவப்பில் நில் என்று சொன்னால் வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் நிறம் பார்க்கும் முறைக்கு மாற்றவேண்டும். ஜன்னல் வெயில் வேறு எண்களைக் குழப்புகிறது. அதற்காக உணரியைச் சுற்றித் துண்டுச் சட்டங்களால் ஒரு சின்னத் தாழ்வாரம் கட்டியிருந்தார்கள்.

இதெல்லாம் போய்ச் சேரும் வாசல் தேசிய ரோபோ போட்டி. அதில் வெல்பவர்களுக்கு உலக ரோபோ ஒலிம்பியாட். 2004இல் சிங்கப்பூரில் தொடங்கிய அந்தப் போட்டி 2012இல் கோலாலம்பூருக்கே வந்தது. ஓட்டத்துக்கு இரண்டு நிமிடம். கிளம்பும்போது ரோபோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 250 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். போட்டியன்று காலையில் யாரும் எதிர்பாராத ஒரு விதியைச் சேர்ப்பதும் உண்டு. பயிற்றுநர் களத்துக்குள் வரக்கூடாது. முன்பெல்லாம் ரோபோவைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கொண்டுவந்து, வரைபடம் பார்க்காமல் அங்கேயே கட்டவேண்டும் என்றும் இருந்தது. அந்த விதி எனக்குப் பிடித்தமானது. காசு கொடுத்துப் பெரியவர்களைக்கொண்டு செய்வித்த ரோபோவோடு பிள்ளைகள் போட்டிக்கு வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அச்சு கழன்றால் அந்தப் பிள்ளைகள் பார்வையாளர் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் வண்டியைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள்.

மாதிரியைப் பார்த்துக் கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் போட்டியில், நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தோடு சேர்ந்து இயங்கும் ரோபோநாட்ஸ் என்ற 118ஆம் எண் அணி, வசதி குறைந்த அணிகளும் கட்டக்கூடிய ‘எவ்ரிபாட்’ என்ற எளிய ரோபோவின் வரைபடத்தை எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறது. அதைக் கையில் எடுத்தாலும் வெட்டுவதும் முடுக்குவதும் பிள்ளைகள் வேலைதான். இந்தப் பள்ளியின் வண்டியும் இவி3 பெட்டியோடு வந்த ஓட்டும் வண்டியின் வழிமுறையில் தொடங்கியதுதான். வெளிச்சட்டமும் தாழ்வாரமும் அதில் கிடையாது.

ஆதரவு வராமல் இல்லை. பிரமுகர்கள் ஜெர்சி அடித்துத் தருகிறார்கள், முதுகில் அவர்கள் பெயரோடு. மின்கலம் வாங்கித் தர ஆள் இல்லை. அதில் பெயர் அடிக்க இடம் குறைவு. பழைய மின்கலம் முழுதாக ஏற்றினாலும் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. இறங்கியதும் வண்டி தயங்கித் தயங்கிப் போகிறது. அடுத்த கூட்டத்தில் பேசுவதாகப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சொல்லியிருக்கிறது. அதுவரை ஏற்றி முடித்ததும் முதலில் ஓட்டம், மின்கலம் தளர்ந்தபின் கணக்கும் கட்டுமானமும் என்று ஆசிரியை வேலையைப் பிரித்து, அட்டவணையை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்.