கடல் சாமந்தி

இறைவனின் படைப்பில் பூவைப் போலத் தோன்றும் விலங்கு ஒன்று உண்டு. அதுவே கடல் சாமந்தி. இதழ்களைப் போல் விரிந்திருப்பவை, இரையைக் கொட்டிப் பிடிக்கும் அதன் கைகள்.

கடலே இல்லாத ஓசூரில், எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஒன்று வாழ்கிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்பது கடலின் கணக்கு. சமையல் உப்பு உதவாது. சுத்திகரித்த நீரில் கடல் உப்புக் கலவையைக் கரைக்கிறோம். நீர் ஆவியாகும், உப்போ தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை ஈடுசெய்ய உப்பில்லாத நீரையே ஊற்றுகிறோம். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியால் உணவு தயாரித்து அதற்கும் பகிர்கின்றன. அதனால் நாள்தோறும் தொட்டி விளக்கைப் போடுகிறோம். அவ்வப்போது சிறு இறால் துண்டும் கொடுக்கிறோம்.

இந்த உயிரின் ஆயுள் வியப்பானது. 1828-இல் சர் ஜான் டாலியெல் என்னும் அறிஞர், ஸ்காட்லாந்துக் கடற்கரையில் எடுத்த ஒரு கடல் சாமந்தியைக் கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். அவர் 1851-இல் மறைந்தார். அதுவோ ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, 1887 வரை வாழ்ந்தது! ‘பாட்டி’ என்றே அதை அழைத்தார்கள்.

இதைப் படித்ததும் எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் எங்களில் மூத்தவள் விடுதிக்குச் செல்ல வேண்டும். பிறகு தொட்டியை யார் பார்ப்பது? இளையவள் இப்போதே உப்பை அளக்கப் பழகி வருகிறாள்.

அன்புத் தோழியரே, ஓர் உயிரை வாங்க ஒரு நாள் ஆசை போதும். வளர்க்க அது போதாது. நமக்குப் பின் அதை ஏற்கும் கை எது என்று தெரிந்த பிறகே வாங்குவோம்.